பழுது

இந்த ஊரின் பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆற்றைத்தான் காணோம்.
ஆலைகள் வந்தபோது இருந்த ஆறுகளைக் குழாயில் அடைத்து
தெருவுக்கடியில் அனுப்பிவிட்டார்கள்.
வூச் நகரத்தில் தண்ணீர் போகிற வழி தெரிய வேண்டுமென்றால்
என்னைப்போல் மீட்டர் படிக்க வர வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை
அடுத்தவர் குளியலறையில் மண்டியிடுகிறேன்.
கறுப்பு எண்கள் கனமீட்டர்,
சிவப்பு எண்கள் அதன் சில்லறை.
குழந்தை பிறந்த வீடு எனக்குத் தெரிந்துவிடும்.
கணவன் போய்விட்ட வீடும்.

நான்காம் மாடி, கதவு எண் பதினொன்று, லிஃப்ட் இல்லை.
லெயோகாதியா சாப்லா.
சாப்லா என்றால் நாரை.
நாரைக்கு ஆறு மாதத்தில் மூன்றே கனமீட்டர்.

காந்தம் வைத்து முள்ளை நிறுத்துகிறவர்கள் உண்டு,
தண்ணீர் வாரியத்துக்கே தண்ணி காட்டுகிறவர்கள்.
குழாயைத் திறந்தேன்.
சிவப்புச் சக்கரம் துள்ளிக்கொண்டு ஓடியது.
களவில்லை.

"மார்ச்சில் விழுந்தேன்" என்றாள்.
"கட்டிலிலிருந்து இங்கே பதினேழு அடி.
பதினான்காவதில் விழுந்தேன்.
விடியும்வரை தரையிலேயே கிடந்தேன்.
அன்றைக்கே கணக்கை முடித்துவிட்டேன்,
உள்ளே போகாதது வெளியே வராது."

காலையில் மாத்திரைக்கு ஒரு மடக்கு.
மத்தியானம் அரைக் கோப்பைத் தேநீர்,
அதில் ஊறிய ஒரு பிஸ்கட்.
அதற்கப்புறம் வாயைக் கட்டி.

பணத்தைத் தண்ணீராய் இறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.
தண்ணீரைப் பணமாய் எண்ணி எண்ணி எடுப்பவளை
இன்றுதான் பார்க்கிறேன்.

பாவாடை இடுப்பில் நிற்க மூன்று துணிக் கிளிப்புகள்.
மோதிரம் சாவிகளோடு ஆணியில் தொங்குகிறது.
பல்செட் டம்ளருக்குள்.
"வாய்க்குள் போட்டால் அதுபாட்டுக்கு ஆடுகிறது."
பக்கத்து வீட்டார் கொடுத்த பீட்ரூட் சூப்
ஆடை கட்டிப்போய் அடுப்பின்மேல்.
பசிக்கவில்லை என்றாள்,
வெளியே மழையில்லை என்று சொல்வதுபோல.
இன்று செவ்வாய். இரண்டு முறை ஞாயிறு என்றாள்.

ஆலையில் முப்பத்தொரு வருஷம் துணி பார்த்தவள்.
ஒரு நூல் தப்பினாலும் சுண்ணக்கட்டியால் கோடு கிழிப்பாளாம்.
இப்போது தன் புறங்கையைக் கிள்ளித் தூக்கிக் காட்டினாள்.
தோல் அப்படியே நின்றது, இறங்கவில்லை.
"இந்த மடிப்பு எந்த இஸ்திரிக்கும் அடங்காது."
சிரித்ததில் உதடு வெடித்தது.

என் படிவத்தில் மூன்று கட்டங்கள்:
சரி. பழுது. களவு.
மனுஷிக்குக் கட்டம் கிடையாது.

"தாகமாக இருக்கிறது" என்றேன். பொய்.
கொண்டுவந்து கொடுத்தாள்.
"தனியாகக் குடிக்க மாட்டேன்."
என்னைப் பார்த்தாள், குளியலறைக் கதவைப் பார்த்தாள்,
தனக்கும் ஊற்றினாள்.
பாதியில் நிறுத்தி டம்ளரை வெளிச்சத்தில் பிடித்தாள்,
நெசவில் ஓட்டை தேடுவதுபோல.

மருத்துவமனைக்குப் படிக்கட்டிலிருந்தே பேசினேன்.
செவிலியர் வர இருபத்துமூன்றாம் தேதி ஆகுமாம்.
மீட்டர் பழுதென்றால் மூன்று நாளில் ஆள் வர வேண்டும்,
வாரியத்தின் விதி.
பழுது என்று கட்டமிட்டேன்.

வியாழக்கிழமை வித்தோல்த் போனில் கத்தினான்.
"நாலு மாடி ஏறினேன். மீட்டருக்கு ஒன்றுமே இல்லை."
"குடிக்கக் கொடுத்தாளா?"
"கொடுத்தாள்."
"அவள் குடித்தாளா?"

மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"கவனிக்கவில்லை."

"மறுபடியும் பழுதென்றுதான் எழுதப்போகிறேன்.
இந்தமுறை துளைக்கிற மெஷினை எடுத்துப் போ.
கட்டிலிலிருந்து குளியலறை வரை
சுவரில் ஒரு குழாய் பதிக்கணும்."

"குழாயா? எங்கிருந்து இணைப்பு?"

"இணைப்பு வேண்டாம். இடுப்புயரத்தில் பதி.
உள்ளே எதுவும் ஓடாது.
ராத்திரியில் பிடித்துக்கொண்டு நடக்க."