வரைவு

வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கவேண்டிய மொழிபெயர்ப்பு:
நாய், பூனை விற்பனை ஒழுங்குவிதிகள்.
சிங்களத்தில் பதினான்கு பக்கம்,
தமிழில் பதினெட்டாகும். எப்போதும் ஆகும்.
உங்கட பாசைக்கு இடம் கூட வேணும் என்று
அச்சகத்து நிமால்சிறி முகம் சுளிப்பார்.

மூன்றாம் பிரிவில் நின்றுவிட்டேன்.
ஒரே வயிற்றில் ஒன்றாய்ப் பிறந்தவை எல்லாவற்றுக்கும்
'ஈற்று' என்று எழுதியிருந்தேன்.
திருமதி சிவஞானச்செல்வம் சிவப்பில் வெட்டி
'தொகுதி' என்று போட்டார்.
தொகுதி என்றால் தேர்தல்தான் ஞாபகம் வருது, மேடம்.
அவர் சிரிக்கவில்லை.

எட்டு வாரம் நிறையாத குட்டியைத்
தாயிடமிருந்து பிரித்து விற்றலாகாது.

ஆகாது.
யாரும் கேட்காவிட்டாலும்
தன்பாட்டில் நிமிர்ந்து நிற்கிற சொல்.

ஒன்பதாம் பிரிவு,
விற்பவர் பேணவேண்டிய பதிவேடு:
எங்கே பிறந்தது, யாரிடம் பெறப்பட்டது,
நிறம், அடையாளத் தழும்பு,
எந்தத் திகதியிலிருந்து இங்கே தங்கியிருக்கிறது.
இதற்கு அகராதி தேவைப்படவில்லை.
வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில், இருபத்திரண்டு வயதில்,
இதே நிரல்களை நானே நிரப்பியிருக்கிறேன்.
பேனை மனேஜருடையது. மேசையோடு நூலில் கட்டியிருந்தது.
கடைசி நிரல்: திரும்பிச் செல்லும் திகதி.
நாய்களின் பதிவேட்டில் அது இல்லை.
இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன்.

பூனைகளுக்கு ஒரே வரி:
'மேற்கூறியவை ஏற்ற மாற்றங்களுடன் பூனைக்கும் பொருந்தும்.'
போட்டோகொப்பி மெசினின் சூட்டில் படுத்திருந்த
அலுவலகப் பூனை
ஒரு காதை மட்டும் அசைத்தது.

பின்னேரம், கொம்பனித்தெரு ஸ்டேஷன் வாசலில்
சல்டீன் பிஸ்கட் பெட்டியோடு குந்தியிருந்தான்.
ஐந்து குட்டி. மேலே பொலித்தீன், மழைக்கு.
"எத்தனை வாரம்?"
"ரெண்டு மாசம் மிஸ்."
"இதுக்குக் கண்ணே திறக்கேல்லையே."
"நித்திரை மிஸ்."
"என்ன இனம்?"
"பாதி பொமரேனியன்."
"மற்றப் பாதி?"
கையை நீட்டி ரோட்டைக் காட்டினான்.

கண் திறக்காதது என் விரலைப் பிடித்துச் சூப்பியது.
பல் இல்லை. ஈரம்,
நம்பமுடியாத பலம்.

"சட்டம் ஒண்டு வரப்போகுதாமே மிஸ், மெய்யா?"
"வரும்."
"எப்ப?"
"தமிழ்ப் பிரதி முடிய."
கொஞ்சநேரம் என்னைப் பார்த்தான்.
இந்தத் தோள்பையில்தான் அது இருக்கிறதென்று
எப்படித் தெரிந்ததோ.
"அப்ப ஆறுதலாச் செய்யுங்க மிஸ்" என்றான்.

ரயிலில் கடல்பக்கம் இடம் கிடைத்தது.
விரல் இன்னும் பிசுபிசுத்தது.
மூன்றாம் பிரிவைத் திறந்து, வெட்டுண்ட சொல்லுக்கு மேலே
அதே சொல்லை மறுபடி எழுதினேன்,
பென்சிலால்.