கப்பல் என்னுடையது இல்லையாம்

கொட்டாஞ்சேனையில் ஒரு ஓட்டோவின் முதுகில்
என் கப்பல் ஓடுகிறது.
நான் எழுதியதைவிட இரண்டு பீரங்கி கூட.
கீழே சிவப்பெழுத்தில்: வெண்கோடி தோற்காது.

வெண்கோடி என்று பெயர் வைத்த இரவு
வெள்ளவத்தையில் கரண்ட் இல்லை.
கடலோரத் தண்டவாளத்தில் கடைசி ரயில் போக
மேசையில் மெழுகுதிரி நடுங்கியது.
அந்த நடுக்கத்தைத்தான் இயந்திர அறை என்று எழுதினேன்.
பீரங்கி ஒன்றும் இருக்கவில்லை, சத்தியமாய்.
மூன்றாம் பாகத்தில்தான் அச்சகத்துப் பசுபதியர்
"கொஞ்சம் வெடியும் வேணும் தங்கச்சி,
கடதாசி விக்கிற விலை தெரியும்தானே" என்றார்.
வைத்தேன்.
அது என் பிழை.

ஒன்பது பாகம், பதினாறு வருசம்.
பத்தாவதில் தளபதி இமையரசி
கப்பலைக் கழற்றுகிறாள்.
ஆணி ஆணியாய், அவசரமில்லாமல், அறுபது பக்கம்.
தகடுகளை வளைத்து
காற்றில்லாத ஒரு சின்ன நிலாவில்
தண்ணீர்த் தொட்டி கட்டுகிறாள்.
எதிரிகள் வரிசையில் வந்து நிற்கிறார்கள்,
கையில் வாளி.
அவ்வளவுதான் கதை.

ஐம்பத்தேழாம் ஒழுங்கை மண்டபத்தில்
றோல்ஸும் பிளேன்டீயும் முடிந்த பிறகு
ரிஃப்கான் எழும்பினான்.
சேர்ட்டில் கப்பல், அதே இரண்டு பீரங்கியோடு.
"இமையரசி வாளி தூக்கமாட்டா அக்கா.
அவவை எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியாதா என்று கேட்க வாயெடுத்தேன்.
ஆனால் அவன் சொல்லிக்கொண்டே போனான்:
முதல் பாகத்தில் அவள் இடக்கைக்காரி,
ஆறாம் பாகத்தில் வலக்கையால் சுடுகிறாள்.
நான் மறந்துபோனது அது.
அவன் அதற்கொரு காயம் கண்டுபிடித்து வைத்திருந்தான்.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்
யாரும் எழுதாத ஒரு சண்டை,
தோள்பட்டையில் ஒரு துண்டு இரும்பு,
அதை வெளியே சொல்லாத பிடிவாதம்.
தெமட்டகொடைத் தொடர்மாடியில்
பதினொரு வயதில், கட்டிலுக்குக் கீழே, டோர்ச் வெளிச்சத்தில்
என் கவனக்குறைவுக்கு
அவன் கட்டுப் போட்டிருக்கிறான்.

அவர்கள் தங்களுக்கென்று ஒரு பத்தாம் பாகம் எழுதியிருக்கிறார்கள்.
ஸ்டேப்பிள் அடித்த போட்டோக்கொப்பி, இருநூறு ரூபாய்.
நானும் ஒன்று வாங்கினேன்.
எதிரியின் கோள் எரிகிறது, நாலு பக்கத்துக்கு.
நன்றாகவே எழுதியிருந்தார்கள்.
அதுதான் பயமாயிருந்தது.
புகையின் நிறத்தில் மட்டும் பிழை.
ரெஜிபோமும் மாவும் துணியும் சேர்ந்து எரிந்தால்
அது கறுப்பில்லை, ஒரு மஞ்சள்.

எண்பத்து மூன்றில் எனக்கு ஏழு வயது.
மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள்
முழங்கால் அளவு தண்ணீரில் இரண்டு பகல்.
கீழ்வீட்டுச் சோமலதா அன்ரி
உடுப்புக் காயப்போட வருகிற மாதிரி வருவா.
வாளியில் மேலே ஈரத்துணி, அடியில் சோறு.
இதை நான் மண்டபத்தில் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள்;
பிறகு எவனும் என்னோடு சண்டை பிடித்திருக்கமாட்டான்.

வெளியே மழை. காலி வீதி அசையவில்லை.
கைகாட்டி ஏறியபின்தான் கவனித்தேன்,
அதே கப்பல். அதே ஓட்டோவோ தெரியாது,
ஊரில் இப்படி ஐந்தாறு இருக்காம்.
"புதுசு வாசிச்சீங்களா?
எழுதினவவுக்கு மூளை கழண்டிட்டுது போல."
"இருக்கும்" என்றேன்.
"பீரங்கியை ஏன் கீறினீங்கள்? கதையில பக்கத்துக்கு ஒண்டுதானே."
றெக்சின் திரையை இழுத்துவிட்டபடி சொன்னான்:
"இல்லாட்டிப் பின்னால வாறவன் இடிச்சிடுவான் அக்கா."

இதற்கு என்னிடம் பதில் இல்லை.
பத்துப் பாகத்திலும் இல்லை.

பம்பலப்பிட்டியில் இறங்கி
மீதிக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு நின்றேன்.
வெண்கோடி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.
இடப்பக்கப் பின்விளக்கு எரியவில்லை.
அதற்கும் ஒரு காயம்
ரிஃப்கானிடம் இருக்கும்.