கேப்டள்

பதினான்கு வயதில்
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து
பின்னோக்கி எழுதிய கேப்டன் மாறனை
முப்பத்தொன்பதில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்,
பிறையில், நைட் ஷிப்ட் இல்லாத ராத்திரிகளில்.

அகன்ற தோள். அசையாத தாடை.
ஒன்பது கிரகங்களில் சண்டை போட்டவன்,
ஒன்றிலும் தட்டு கழுவாதவன்.
ஏன் அவனாக எழுதினாய் என்றால்
யாரும் சொல்லித்தரவில்லை. தடுக்கவுமில்லை.
ராக்கெட்டின் வாலில் நெருப்பு இருப்பதுபோல
கேப்டனின் வாலில் ஒரு 'ன்' இருந்தது,
அவ்வளவுதான்.

போன செவ்வாய் முடிவெடுத்தேன்.
மாறன், பெண்.
நூற்றெண்பது பக்கம். வினைமுற்று வினைமுற்றாக யார் திருத்துவது?
'ன்' வரும் இடமெல்லாம் 'ள்' போடு என்று
கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் கலக்கப் போனேன்.

போட்டிருந்தது.
வந்தாள், சுட்டாள், கதவை உடைத்தாள்.
சரிதான்.
ஆனால் வென்ற இடத்தில் வெள்றாள்.
வான்வெளி வாள்வெளி ஆகியிருந்தது.
தேன் நிறக் கோளில் தேள்.
'என் கப்பல்' எள் கப்பல்;
அத்தனை பெரிய கப்பல், ஒரு எள்ளுக்குள்.
நானெல்லாம் நாள்.
கேப்டன், கேப்டள்.

இன்னொன்றும் கவனித்தேன்.
மாறனை, மாறனுக்கு, மாறனோடு
என்று உருபு ஒட்டிய இடங்களிலெல்லாம்
ஆள் பத்திரமாக ஆணாகவே
ஒளிந்திருந்தான்.

பாயான் லெப்பாஸில்
கிளீன்ரூமுக்குள் போகுமுன் நாங்கள் உடுத்துவது
தலையிலிருந்து காலணிவரை வெள்ளை.
கண் மட்டும் தெரியும்.
சூப்பர்வைசர் முதுகில் ஒட்டிய பெயரைப் படித்துத்தான் கூப்பிடுவார்.
அங்கே யார் ன், யார் ள்?
பதினேழு வருடம் அந்த உடையில் நடந்தும்
என் கேப்டனுக்கு அதை
மாட்டிப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு.

நாலாம் அத்தியாயத்தை
அதிகாலை இரண்டு மணிக் கேன்டீனில் தவமலரிடம் கொடுத்தேன்.
தூங்கும் பிள்ளையின் நெற்றியில் முத்தமிட்டு
நாலு வருடப் பயணம் கிளம்பும் இடம்.
ஒரே வரி.
மீ கோரெங் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள்:
"ஏங்க, புள்ளைய யாரு பாத்துக்குவா?"

அதே பிள்ளை. அதே நெற்றி.
பள்ளியில் அந்த நோட்டு வகுப்பு முழுக்கச் சுற்றியது.
அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு கணவனைச் சேர்த்தேன்.
அவனுக்கு வேலை இருக்குமே என்று
பக்கத்து வீட்டு நோர்லைலாவைச் சேர்த்தேன்.
அவள் பெருநாளுக்கு ஊருக்குப் போவாளே என்று
ஒரு காப்பகம், அதற்கு மாதக் கட்டணம்,
காய்ச்சல் வந்தால் கூப்பிட ஒரு நம்பர்.
ஏழு பக்கம் ஆயிற்று.
கப்பல் தரையிலேயே நின்றது, எஞ்சின் சூடாகி.

ஏழையும் அழித்தேன்.
முத்தமிட்டுக் கிளம்பினாள்.
ஒரே வரி.
நானும் அப்படித்தானே, ஆறேகால் கம்பெனி பஸ்ஸுக்கு;
பாலத்தின் நடுவில் பஸ் ஏறி இறங்கும்போது
வயிறு ஒரு நொடி எடையில்லாமல் போகும்.

பிறகு நாள்களை நான்களாக்கினேன்,
ஒவ்வொன்றாக, கையால்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
நான் என்பதில் ஆணுமில்லை, பெண்ணுமில்லை;
இலக்கணம் அந்த ஒரு சொல்லை மட்டும்
உடை மாட்டிவிட்டு அனுப்பியிருக்கிறது.

பதினோராம் அத்தியாயத்தில்,
காற்று தீர்ந்துகொண்டிருக்கும்போது
பயந்த எஞ்சினியரிடம் கேப்டன் சொல்வது,
"நான் இருக்கிறேன், பயப்படாதே."
மெஷின் மாற்றியது: "நாள் இருக்கிறேள்."
பாதி திருத்தினேன்.
நாள் இருக்கிறது, பயப்படாதே.
இவள் அப்படித்தான் சொல்வாள் என்று தோன்றியது.

கேப்டளைத் திருத்தவில்லை.
அப்படியொரு சொல் கிடையாது என்று
அடியில் சிவப்பு நெளிகோடு போட்டுக்
காட்டிக்கொண்டே இருக்கிறது கம்ப்யூட்டர்.
கோட்டின்மேல் நிற்கிறாள்.
பஸ்ஸுக்கு நேரமாகிறது.