ஐம்பத்து நான்கு சதவீதம்

தலையில் பதினாறு இடங்களில் ஈர ஜெல்லை
ஊசியில்லாச் சிரிஞ்சால் பிதுக்குகிறான் எல்டார்.
"குளிர்கிறதா?" என்று கேட்பான்,
பிதுக்கி முடித்த பிறகு.
கிராட்ஸ் நகரில் இருபத்தாறு வருடம்
டிராம் ஓட்டியவள் நான், ரோஸ்விதா கோக்லர்.
இப்போது நீச்சல்காரிபோலத் தொப்பி மாட்டி
ஆப்பிள் பிடிக்கும் விளையாட்டுக்கு முன்னால்
உட்கார்ந்திருக்கிறேன்.

விதி இதுதான்:
வலக்கையை அசைக்கக் கூடாது,
அசைப்பதாக நினைக்க வேண்டும்.
அசைக்கக் கூடாதாம்!
பிப்ரவரியிலிருந்து அது
மேசைமேல் யாரோ மறந்துவிட்டுப்போன கையுறை.

நினைத்தேன்.
ஆப்பிள் கூடைக்கு வெளியே விழுந்தது.
பலமாக நினைத்தேன்.
ஆப்பிளுக்குள்ளிருந்து புழு எட்டிப் பார்த்துச் சிரித்தது.
குழந்தைகளுக்காகச் செய்தது, மன்னிக்கவும், என்றான் எல்டார்.
ஐம்பத்து நான்கு சதவீதம்.
காசைச் சுண்டியிருந்தாலே ஐம்பது வந்திருக்கும்.
அந்த நாலு மட்டும்தான் நான்.

மூன்றாம் வாரம் ஆப்பிள்கள் கொட்டின.
எண்பத்தொன்று. எண்பத்தாறு.
புழு வாயை மூடிக்கொண்டது.
எல்டார் மட்டும் அலைகளைப் பெரிதாக்கிப்
பார்த்துக்கொண்டே இருந்தான்.
"பல்லைக் கடிக்கிறீர்கள், ரோஸ்விதா.
இயந்திரம் கேட்டது உங்கள் தாடையை.
கையை அல்ல."
அழித்தான், என் கண்முன்னாலேயே,
நூற்றுப் பதினேழு ஆப்பிளையும்.
பொய் சொல்லியிருக்கலாம்.
அவன் வயதில் நான் சொல்லியிருப்பேன்.
அன்று அவனோடு பேசவில்லை.
ஜெல் காய்ந்து உப்பாய்ப் பொரிந்த தலையோடு
வீட்டுக்குப் போய்
ஒற்றைக் கையால் கழுவிக்கொண்டேன்.

வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு
மறுபடி முதலிலிருந்து.
கை என்று நினைத்தால் கை வரவில்லை.
விரல் என்றால் விரலும் வரவில்லை;
பாடப்புத்தகத்தில் அச்சடித்த விரல்தான் வந்தது.
ஒருநாள் சலித்துப்போய்,
மழையில் ஜாக்கோமினி சதுக்கத்துத் தண்டவாளத்தில்
வேனை நிறுத்திவிட்டு ரொட்டி வாங்கப் போனவனை
நினைத்துக்கொண்டேன்.
மணியை அடித்தேன்,
சுட்டுவிரலால், விடாமல்,
அவன் பரம்பரைக்கே கேட்கும்படி.
ஆப்பிள் கூடைக்குள்.
அடுத்ததும்.
"என்ன நினைத்தீர்கள்?" எல்டார் நாற்காலியோடு உருண்டு வந்தான்.
வாய்விட்டுச் சொல்லக்கூடியதல்ல, என்றேன்.

அதன்பின் ஒவ்வொரு சரியான நினைப்புக்கும்
முன்னங்கையில் ஒட்டிய பட்டை எறும்பாய்க் கடிக்கும்;
விரல் எழும்.
நான் தூக்கினேனா, அது தூக்கிற்றா?
இரண்டு பேர் பிடித்த பீரோவில்
யார் எவ்வளவு சுமந்தார் என்று
பீரோவுக்கா தெரியும்.

அறுபத்தெட்டு. எழுபத்தொன்று.
அறுபத்து மூன்று, முந்தின இரவு தூங்கவில்லை.
எழுபது.

நவம்பரில் ஒரு மாலை
ஏழாம் எண் டிராமில் திரும்பிக்கொண்டிருந்தேன்,
முதல் இருக்கையில், பழக்க தோஷம்.
ஓட்டியது புதுப் பையன்.
கதவு மூடத் தொடங்கியது.
பக்கக் கண்ணாடியில்
தாதியர் சீருடையில் ஒருத்தி,
ஷூ கயிறு அவிழ்ந்து புரள ஓடி வருகிறாள்.
மடியில் கிடந்த கையுறைக்குள்
ஏதோ எழுந்து
கதவுப் பொத்தான் இருக்கவேண்டிய இடத்தை
அழுத்தியது.
தொப்பி இல்லை. பட்டை இல்லை.
ஆப்பிளும் விழவில்லை எங்கும்.

டிராம் அவளை விட்டுவிட்டுக் கிளம்பிற்று.
அவள் திட்டுவது உதட்டில் தெரிந்தது.
ஜன்னலோரம் ஒரு கிழவி
தன்னைப் பார்த்துச் சிரிப்பதையும் கண்டாள்,
திட்டில் எனக்கும் ஒரு பங்கு வந்தது.
நியாயம்தான்.

நாளை எல்டாரிடம் சொன்னால்
எத்தனை முறைக்கு எத்தனை முறை என்பான்.
ஒன்றுக்கு ஒன்று.
பல்லைக் கடிக்கவில்லை,
அதை மட்டும் உடனே
நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.