ஐந்து சத்தம், பிறகு இரண்டு வெட்டு

குத்தாயிசியில் எங்கள் வீட்டு
ஃபிரிட்ஜ் கதவில் ஒரு ஆட்டம்
பதினொரு நாளாக நிற்கிறது.
பால் எடுக்கப் போகிறவர்
ஒரு காயை நகர்த்திவிட்டுத்தான் திறக்கலாம்.
இப்போது அப்பாவின் முறை.
அப்பா பதினொரு நாளாகக்
கடுங்காப்பி குடிக்கிறார்.

பத்தூமியில், கடைசிச் சுற்றுக்கு முந்தின ராத்திரி
விடுதிச் சுவரில் தாள் ஒட்டினார்கள்.
ஏழாம் மேசை.
வெள்ளை: தெக்லே. அது நான்.
கறுப்பு: மக்வாலா. அது அம்மா.
அறை எண் இருவருக்கும் ஒன்றுதான்.

ஆளுக்கொரு தடவை அப்பாவுக்குப் போன் போட்டோம்.
"இன்றைக்கு நான் ஊரில் இல்லை" என்றார் இருவரிடமும்.
பின்னால் சமையலறைக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
ஆட்டத்தை விட்டுவிட்டு டயர் விற்கிற ரேவாஸ் அண்ணன்
"தோற்கிறவர் கூப்பிடுங்கள்" என்று வைத்துவிட்டான்.

மூன்று மணிக்கு அம்மாவின் கட்டில் காலி.
குளியலறைக் கதவடியில் வெளிச்சம்.
காந்தப் பலகையில் காய்கள் ஒட்டும் சத்தம்,
டக்.
வெட்டு என்றால் சத்தம் இரண்டு:
ஒன்று போகும், ஒன்று உட்காரும்.
காதைப் பொத்தியிருக்கலாம்.
பொத்தவில்லை.
எண்ணினேன்.
ஐந்து நகர்வு சாதாரணம்,
ஆறு வெட்டு, ஏழு வெட்டு.
சிசிலியன்!
கண்ணை மூடியபடியே விடியும்வரை
அதற்கான பதிலைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"கைகுலுக்குங்கள்" என்றார் நடுவர்.
வீட்டில் நாங்கள் குலுக்குவதில்லை.
அம்மாவின் கை இவ்வளவு சிறிதென்று
பதினாறு வயதில்தான் தெரிகிறது.
என்னுடைய அதே விடுதிச் சோப்பு வாசனை.

ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன்.
அவள் சி-சிப்பாயைத் தொட்டாள்,
தொட்டு,
ஒரே ஒரு கட்டம்.

ஏமாற்றிவிட்டாள்.
நான் விழித்திருப்பது தெரிந்தே
எனக்காகத் தட்டியிருக்கிறாள்.
காது சுட்டது.
நான் நகர்த்த, அவள் நகர்த்த,
நான் குதிரையை எடுத்து வைக்க, அவள் வெட்ட,
நான் வெட்ட,
நிறுத்தி எண்ணினேன்.
ஐந்து சாதாரணம். ஆறு வெட்டு. ஏழு வெட்டு.
கணக்கு பிசகவில்லை.
சத்தத்துக்குக் கட்டம் தெரியாது,
அவ்வளவுதான்.

எங்கள் ஊரில்
குறுக்கே போகிற காய்க்கு ஆமை என்று பேர்.
அம்மாவின் ஆமை ஓட்டைவிட்டு வெளியே வந்தது.
ஓரத்துச் சிப்பாயால் அதை விரட்டினேன்,
விரட்ட விரட்ட
என் ராஜாவின் பக்கம் வெறுந்தரையானது.

முப்பத்தோராம் நகர்வு.
தேரை வைத்தாள்.
"சமனா?" என்றாள், பலகையைப் பார்த்தபடி.
பிறகு கடிகாரத்தை அழுத்தினாள்.

அவள் ஆட்டம் நன்றாக இருந்தது.
நன்றாக இருப்பவள் எதற்குச் சமன் கேட்கிறாள்?
காய்ச்சலில் கஞ்சி நீட்டுகிற குரல் அது
என்று எனக்குப் பட்டது.
பதில் சொல்லவில்லை.
குதிரையைத் தூக்கி
ஆகாத இடத்தில் வைத்தேன்.

ஐம்பத்திரண்டில் ராஜாவைச் சாய்த்தேன்.

துறைமுகத்தருகே ஒரு கடை.
படகு மாதிரி ரொட்டி,
நடுவில் மஞ்சள் கரு, உருகும் வெண்ணெய்.
"ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?" என்றாள்.
"நீ பாவம் பார்த்தாய்."
"பாவமா?"
ஃபோர்க்கைக் கீழே வைத்தாள்.
"எனக்கு மூன்று நிமிஷம்தான் இருந்தது, பெண்ணே.
பயந்து கேட்டேன்.
கடிகாரத்தைப் பார்க்கவே இல்லையா நீ?"

பார்க்கவில்லை.
அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அதையும் தப்பாக.

கருங்கடலின் மேல் மழை.
ரேவாஸுக்கு இன்னும் போன் பண்ணவில்லை.
அம்மா ரொட்டியின் முனையைப் பிட்டு,
கருவில் தோய்த்து,
பேசாமல் என் தட்டில் வைத்தாள்.

ஏன் என்று
இந்தத் தடவை கேட்டேன்.