அரை நிமிடம் பிந்தி

விசுவமடுச் சந்தியில்
இரவு ஒன்றரைக்குத் திறந்திருந்த ஒரே கடை
என்னுடைய ரயர்க் கடைதான்.
ரியூப் ஒட்டும் மேசையைத் துடைத்து
அதன்மேல் ரிவியை ஏற்றினோம்.
டிலக்சன் தன் போனை
எப்படியோ அதற்குள் நுழைத்தான்.
அங்கே ரொறன்ரோவில் பின்னேரம்.
என் தம்பி கேதீசனின் மகள் மிதுர்சா
பனித்தரையில் ஆடப் போகிறாள்.

பதினேழு பேர்.
ஒருவரும் ஐஸ் மேல் நின்றதில்லை.
ஐஸ் என்றால் எங்களுக்கு
முல்லைத்தீவு மீன் வரும் பெட்டி.
"நனைஞ்ச தரையிலயே வழுக்குது,
இவளவை கத்தியில நிண்டெல்லோ ஓடுறாளவை"
என்றார் லொறிக்காரப் புஸ்பாகரன்.

விதி தெரியாது.
ஆனால் பார்வையாளராய் இருக்கத் தெரியும்.
உடையார்கட்டுக்காரரோடு வொலிபோல் என்றால்
அவன் சேர்விசுக்குப் பந்தைத் தூக்கும் நேரம் பார்த்து
விசிலடிப்பவன் நான்.
பிழையாய் ஊதிய நடுவரின் சைக்கிளில்
காற்றைத் திறந்து விட்டிருக்கிறேன்.
மறுநாள் அதே சைக்கிளுக்குக் காற்றடித்து
காசும் வாங்கியிருக்கிறேன்.

முதலில் சிவப்புச் சட்டைப் பிள்ளை.
பெயர் வாயில் வரவில்லை.
போன முறை அவள் முதலாவது,
மிதுர்சா இரண்டாவது.
எழும்பிச் சுழன்று இறங்கையில்
கால் விலகி
இடுப்படிபட விழுந்தாள்.

நான் கைதட்டினேன்.
ஸ்பானரால் றிம்மிலும் ஒரு தட்டு.
கடை சிரித்தது.

ரிவிக்குள்ளும் கைதட்டல்.
"பார், அங்கயும் எங்கட ஆக்கள்" என்றேன்.
ஆனால் அந்தத் தட்டு வேறு மாதிரி.
ஒரே சீராக,
சேற்றில் புதைந்த உழவு மிசினைத் தள்ளுகிறவர்கள்
சேர்ந்து மூச்சுப் பிடிப்பதுபோல்,
அவள் எழும்பும் வரை,
எழும்பி அடுத்த பாய்ச்சலை எடுக்கும் வரை.
தவமலர் ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தா.
ஒன்றும் சொல்லவில்லை.
பிளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினா,
எனக்கு மட்டும் இல்லை.

பிறகு மிதுர்சா.
நீலச் சட்டை, தகப்பனின் அகல நெற்றி.
கேதீசன் மண்டபத்திலிருந்து லைனில் இருந்தான்,
"நீ கதைக்காத அண்ணை, சும்மா பக்கத்தில இரு" என்று.
இருந்தேன்.
திடீரென்று காதுக்குள்:
"விழுந்திட்டாள்."

ரிவியில் அவள் இன்னும் விழவில்லை.
படம் அரை நிமிடம் பிந்தித்தான் வரும்
என்று டிலக்சன் முதலே சொன்னவன்.
கை இரண்டையும் விரித்து
வழுக்கி வருகிறாள், முகம் நிறையச் சிரிப்பு.
பதினாறு பேர் முன்னுக்குச் சரிந்திருக்க
எனக்கு மட்டும் தெரியும்.
செய்தி ஒரு வழியால் வர
ஆட்கள் வேறு வழியால் நடந்து வந்த காலம்
எங்களுக்கும் இருந்தது.
அது இப்போது வேண்டாம்.

போனை அழுத்திப் பிடித்தேன்.
தம்பியின் மூச்சுக்குப் பின்னால்
அந்தத் தட்டு,
ஒரே சீராக.
"ஆரடா தட்டினம்?"
"எல்லாரும். முதல் தொடங்கினது
அந்தச் சிவப்புச் சட்டைப் பிள்ளையின்ர தாய்."

ரிவியில் மிதுர்சா வேகமெடுத்தாள்.
அவள் விழ முதலே
நான் தட்டத் தொடங்கினேன்.
"பொறு, என்ன அவசரம்" என்றார் புஸ்பாகரன்.
விழுந்தாள்.
கடை முழுக்க என்னைப் பார்த்தது,
சொந்தப் பிள்ளை விழத் தட்டுகிறவனை.
நான் நிறுத்தவில்லை.
ரீச்சர் சேர்ந்தா.
பிறகு ஒவ்வொருவராய்,
தாளம் பிடிபடாமல்,
ரயரில், தகரத்தில், தொடையில்.

அவளுக்கு அது கேட்டிருக்காது.
அவள் எழும்பி
அரை நிமிடமாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உடையார்கட்டோடு மட்ச்.
அவர்களின் பெடியன் பந்தைத் தூக்கினான்.
விரல் தானாக வாய்க்குப் போனது.
அடித்தேன், பழக்கம்.
ஆனால் விசில் பாதியில் இறங்கி
வெறும் காற்றாய் முடிந்தது.
பந்தைக் கையில் வைத்துக்கொண்டே
அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்:
"என்னண்ணை, வால்வ் போட்டுதோ?"