நோட்டீசில் என் பெயர்

அந்த வருஷத்துப் பாரத நோட்டீசு இன்னும் என்னிடம் இருக்கிறது.
ரோஸ் காகிதம்.
பதினான்காம் நாள், அர்ச்சுனன் தபசு.
மரம் ஏறுபவர்: கண்ணமங்கலம் வே. விசயன்.
எழுத்துப்பிழை எதுவும் இல்லை,
ஏறியது நான் இல்லை என்பதைத் தவிர.

நைனா பதினோரு வருஷம் ஏறிய மரம்.
வேலூர் பைபாஸில் லாரி இடித்து
சி.எம்.சி.யில் தொடைக்குள் கம்பி வைத்த பிறகு
பாத்தியதை என் தலைக்கு வந்தது.
அர்ச்சுனன் பெயரை எனக்கு வைத்ததே அதற்குத்தான்.
தண்ணீர் டாங்கி ஏணியில் மூன்றாம் படியிலேயே
வாந்தி எடுத்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை.
நளாயினிக்குத் தெரியும்.
என் தங்கச்சி.
வாளியோடு வந்து கழுவிவிட்டவள் அவள்.

படிக்கு ஒரு விருத்தம்.
ஒத்திகையில் நான் விட்ட அடியைக்
குழாயடியில் குண்டான் தேய்த்தபடியே
அவள் எடுத்துக் கொடுப்பாள்.
கட்டிலில் கண்மூடிக் கிடக்கும் நைனா
"அப்டித்தான்டா விசயா" என்பார்.

அன்று காலை ஏழு மணிக்கே
வெயில் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.
மஞ்சள் பூசிய அறுபதடிப் பனை.
உச்சியில் ஒரு பலகை.
கீழே ஈரப்புடவையில்
பிள்ளை வரத்துக்கு மடியேந்தி உட்கார்ந்த பெண்கள்.
கிரீடம் கட்டி, வில்லை முதுகில் மாட்டி
ஏழு படி போனேன்.
எட்டாவதில் மரம் ஆடியது.
ஆடவே இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

இறங்கியது நினைவில்லை.
மத்தளம் நின்றுபோய்
ஆர்மோனியம் மட்டும் ஒற்றைச் சுரத்தை
இழுத்துக்கொண்டே இருந்தது.
பள்ளிக்கூட நீலச் சுடிதாரில் வந்து
"கழட்டு" என்றாள்.
கிரீடம் பெரிதாயிருந்தது.
என் துண்டைச் சுருட்டி உள்ளே திணித்துக்கொண்டாள்.

வழிமறித்தது துரோபதி.
அதாவது, துரோபதி வேஷம் கட்டும் எத்திராசு.
மீசை மழித்த இடம் பச்சையாய்த் தெரிய,
மாரில் கட்டிய துணி ஒருபக்கம் சரிந்திருக்க,
"பொம்பள ஆம்பள வேசம் கட்னா
ஆத்தா பொறுப்பாளா?" என்றார்.
கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.
அவருக்கு மட்டும் ஏனென்று விளங்கவில்லை.

தர்மகர்த்தா தீட்டு என்றார்.
நைனா ஊன்றுகோலால் தரையைக் குத்தி
"எறங்குடி! எறங்குடி!" என்று கத்தினார்.
அவள் அதற்குள் பத்தாவது படியில்,
பாடிக்கொண்டிருந்தாள்.
நான் எப்போதும் விடும் அந்த அடி வந்தது.
நைனாவின் ஊன்றுகோல் பாதியில் நின்றது.
குழாயடிக் குரல்.
மத்தளக்காரர் யாரையும் கேட்காமல்
தட்டத் தொடங்கினார்.

மேலே போகப் போக அவள் சிறுத்தாள்.
கிரீடத்துக்குக் கீழே
பின்னல் மட்டும் காற்றில் ஆடுவது தெரிந்தது.
"கன்னிப்பொண்ணு போட்டா பலிக்காது,
எழுந்திருங்கம்மா" என்றது ஒரு ஆண்குரல்.
சிலர் எழுந்தார்கள்.
மூன்று வருஷமாக வரும் ஒடுகத்தூர்க்காரி
அண்ணாந்து அந்தப் பின்னலைப் பார்த்தாள்,
வெகுநேரம்.
பிறகு மடியை இன்னும் அகலமாய் விரித்தாள்.
எலுமிச்சை அதில்தான் விழுந்தது.

பிள்ளை பிறந்ததா என்று கேட்காதீர்கள்.
அடுத்த வருஷம் அவள் வரவில்லை.
அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு.

மரத்தை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள்.
மறுவருஷம் ஏற, செய்யாற்றிலிருந்து
மூவாயிரத்துக்கு ஆள் பேசினார்கள்.
நைனா அதைப் பார்க்கப் போகவில்லை.
காரணமும் சொல்லவில்லை.
நளாயினி இப்போது ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்;
விடிவதற்குள் பஸ் வந்துவிடும்.
அவள் குண்டான் தேய்த்த குழாயடியில்
இப்போது நான் தேய்க்கிறேன்.
அந்த அடி வாயில் தானாக வருகிறது.

ஆரணி கூட்ரோட்டு டீக்கடையில் சிலர் கேட்பார்கள்:
"அந்த வருஷம் மரம் ஏறனவன் நீதான?"
ஆமாம் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.
ஏழு படி வரைக்கும்
அது உண்மைதான்.